கடைசியாகத் தொட்ட கை



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றபோது, என் காரைப் பழுதுபார்த்த மெக்கானிக்கைக் குறித்து உங்களில் சிலருக்கு முன்பாக ஒரு வார்த்தை சொன்னேன். "அந்தப் பையனிடம் வண்டியைக் கொடுத்தேன், நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்துக் கொடுத்துவிட்டான்" என்பதே அது. கேட்டவர்களில் இருவர் தங்கள் வண்டிகளை அவனிடம் விடுவதாக இருந்ததை நிறுத்திக்கொண்டார்கள் என்று பின்னர் அறிந்தேன். அந்த வார்த்தையை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், எது தவறு, எப்படித் தவறு என்பது உங்களுக்கு விளங்காது; அவன் பெயரும் முழுமையாகத் துலங்காது. ஆகையால் எஞ்சினுக்குள் சற்று தூரம் உங்களை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. கார் வைத்திருப்போருக்கு இது நேரடியாகவே பயன்படும். வைத்திராதோர் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இது. என்னுடையது 12 ஆண்டுகள் ஓடிய சிறிய பெட்ரோல் கார். ஒரு திங்கட்கிழமை அதை வழக்கமான சர்வீசுக்கு விட்டேன். எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றப்பட்டன. ஏர் ஃபில்டர் புதிதாகப் போடப்பட்டது. பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெண்பச்சைப் பொடியைச் சுரண்டித் துடைத்தான். ஆக்சிலரேட்டரை மிதிக்கையில் சிறிது திணறுகிறது என்று நான் சொல்லியிருந்ததால் த்ராட்டில் பாடியையும் கழுவினான். மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது, "ஐயா, பேட்டரிய கழட்டி மாட்டியிருக்கேன். ஏசி போடாம ஒரு பத்து நிமிஷம் அப்படியே ஓடட்டும், பாத்துட்டுத் தாரேன்" என்றான். எனக்கோ ஓர் அடக்க ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. "போகிற வழியிலே ஓடிக்கொள்ளும் தம்பி" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

அன்று முதல், நியூட்ரலில் நிற்கையிலும் முள் 1500-ஐ விட்டுக் கீழே இறங்கவில்லை. வண்டி நின்றாலும் எஞ்சின் மூச்சிரைத்தபடியே இருந்தது. பிரேக்கை விட்டுக் கால் எடுத்தால் முதல் கியரில் கார் தானாக முன்னே பாய்ந்தது. நான் தொலைபேசியில் கேட்டபோது, ரெண்டு நாளில் செட்டாகிவிடும், ஆகாவிட்டால் கொண்டு வாருங்கள் என்றான். நான் கொண்டுபோகவில்லை. வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே வண்டியின் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில், ஐட்லிங்கைக் கட்டுப்படுத்தும் சிறிய மோட்டார் போய்விட்டது, அதை மாற்ற வேண்டும், நாலாயிரத்துச் சொச்சம் ஆகும் என்றார்கள். புது மோட்டார் வரும் வரைக்கும் என்று சொல்லி, த்ராட்டில் பாடியின் பக்கவாட்டில் பெயிண்ட் பொட்டு வைத்து மூடியிருந்த ஒரு திருகாணியைத் திருகி, முள்ளை 900-க்கு இறக்கிக் கொடுத்தார்கள். எனக்கு மிகுந்த திருப்தி. அடுத்த ஞாயிறுதான் உங்களிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வண்ணார்பேட்டை அருகே நெரிசலில் ஏசியைப் போட்டேன். கம்ப்ரசர் சேர்ந்த கணத்தில் எஞ்சின் அணைந்து, வண்டி நடுச்சாலையில் நின்றது. பின்னால் ஒரு பேருந்து.

பிரியமானவர்களே, ஐட்லிங் என்பது என்ன என்று முதலில் பார்ப்போம். ஆக்சிலரேட்டரைக் கால் தொடாதிருக்கும்போது, எஞ்சின் அணைந்துபோகாமல் தன்னைத் தானே காத்துக்கொள்ளச் சுற்றுகிற வேகம் அது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்பு, பெரும்பாலான கார்களில் நிமிடத்திற்கு 700 முதல் 850 சுற்று வரை இருக்கும். காலையில் குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது 1200-க்கு மேலும் போகும்; அது பழுதன்று, ஓரிரு நிமிடங்களில் படிப்படியாக இறங்கிவிடும். ஏசி போட்டால் சுமைக்கு ஈடாக வேகம் சிறிது கூட்டப்படும். ஆகவே, "ரேஸ் கூடியிருக்கிறது" என்று எவரேனும் முறையிடும்போது, எஞ்சின் சூடேறியிருந்ததா, ஏசி ஓடிக்கொண்டிருந்ததா என்பதைக் கேட்காமல் பதில் சொல்லலாகாது. என் வண்டியில் அரைமணி நேரம் ஓடிய பின்பும் 1500. அது பழுதுதான், அதில் ஐயமில்லை.

ரேஸ் கூடினால் பெட்ரோல் அதிகம் போகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பெட்ரோல் எஞ்சினில் வேகத்தை ஆளுவது காற்று. ஏறக்குறைய 14.7 பங்கு எடையுள்ள காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற கணக்கில், உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்ற பெட்ரோலைக் கணினி தெளிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோல் அதைப் பின்தொடர்கிறது. (டீசல் வண்டியின் முறை வேறு, டீசல்காரர்கள் இங்கே சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.) காற்று வரும் வழியில் வட்டமான ஒரு தகடு கதவுபோல் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது திறக்கும், விட்டால் மூடும். மூடியபின் எஞ்சினுக்கு வேண்டிய சிறு மூச்சை, கேபிள் உள்ள பழைய கார்களில் பக்கவழி ஒன்றின் மூலம் ஒரு சிறு மோட்டார் அளந்து கொடுக்கிறது. புதிய கார்களில் கேபிள் கிடையாது. தகட்டையே மோட்டார் நகர்த்துகிறது.

தகடு மூடியிருக்கையில் பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருப்பதால், தகட்டுக்கு அப்பால் உள்ள அறையில் கடும் உறிஞ்சல் உண்டாகிறது. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில், ஐட்லிங்கில், அங்குள்ள அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 450 முதல் 550 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைந்திருக்கும். இவ்வளவு பலமாக உறிஞ்சும் அறையில் ஊசிமுனை அகலத்துக்கு விரிசல் இருந்தாலும் காற்று சீறிக்கொண்டு உள்ளே போகும். தகடு மூடியிருக்கிறது, பக்கவழியும் மூடியிருக்கிறது, ஆனாலும் மூன்றாம் வழியாக எஞ்சின் மூச்சு விடுகிறது. நம் மெக்கானிக்குகள் இதற்கு மிக அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்: "ஏர் இழுக்குது."

ஒரே ஓட்டை எல்லாக் கார்களிலும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. காற்றை வழியிலேயே ஒரு சென்சாரால் அளக்கும் கார்களில், விரிசல் வழியே வந்த காற்று கணக்கில் சேராது. பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் நடுங்கும், சிலவேளை ரேஸ் ஏறி இறங்கும். அறையின் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றைக் கணக்கிடும் கார்களில், அழுத்தம் கூடியதைக் கணினி காண்கிறது. காற்று அதிகம் வந்திருக்கிறதென்று நம்பி அதற்கேற்ற பெட்ரோலையும் கொடுத்துவிடுகிறது. எஞ்சின் நடுக்கமே இல்லாமல், வழவழப்பாக, ஆனால் வேகமாக ஓடும். வேகம் மிகுந்ததைக் கண்டு கணினி பக்கவழியை மூடிப்பார்க்கிறது. முழுவதும் மூடியபின் அதற்கு மேல் செய்ய அதனிடம் ஒன்றுமில்லை. என்னுடையது இவ்வகைக் கார். அதன் மோட்டார் தன் வேலையைச் செய்து, கடைசிப் படி வரைக்கும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைத்தான் 'போய்விட்டது' என்று மாற்றச் சொன்னார்கள்.

நடுச்சாலையில் நின்ற இரவு, நம் சபையின் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ரயில்வேயில் டீசல் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் மோட்டாரின் விலையைச் சொல்லி வருந்தினேன். அவர் விலையைக் குறித்து ஒன்றும் கேட்கவில்லை. "சர்வீசுக்கு முந்தின நாள் எப்படி இருந்தது?" என்றார். நன்றாக இருந்தது என்றேன். "அப்படியானால் அன்றைக்குக் கை பட்டது எதெதில்? ஒன்று விடாமல் சொல்லுங்கள்" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. பில்லில் 'ஜெனரல் சர்வீஸ்' என்று ஒரே வரி, கீழே தொகை.

இந்தக் கேள்வியையே நான் உங்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். சர்வீசுக்குப் பின் ரேஸ் கூடினால், புதுப் பாகம் வாங்குவதற்கு முன், அன்று கை பட்ட இடங்களை வரிசையாகச் சென்று பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் மாற்றினார்கள் என்றால், அதன் பெட்டியைத் திறக்கக் குழாய்களையும் கிளாம்புகளையும் தளர்த்தியிருப்பார்கள். சிறிய குழாய் ஒன்று திரும்ப மாட்டப்படாமல் தொங்கலாம். ஆயில் மாற்றினார்கள் என்றால், ஆயில் ஊற்றும் மூடியும் டிப்ஸ்டிக்கும் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சில எஞ்சின்களில் அவ்வழியாகவும் அளவில் சேராத காற்று போகும். கேபிள் உள்ள காரில் த்ராட்டில் பாடியைத் தொட்டிருந்தால், கேபிள் விறைப்பாக மாட்டப்பட்டு, தகட்டை ஒரு மயிரிழை திறந்து வைத்திருக்கக்கூடும். கேபிளில் சிறு தொய்வு இருக்க வேண்டும். விரலால் அசைத்தாலே தெரியும். வண்டிக்குள் புதிதாகப் போட்ட மிதியடி ஆக்சிலரேட்டரின் மேல் ஏறியிருப்பதும் உண்டு. சிரிக்காதிருங்கள், முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

கூலண்ட் மாற்றியிருந்தால் விஷயம் வேறு. உள்ளே காற்றுக் குமிழி தங்கி, வெப்பம் அளக்கும் சென்சாரைச் சூழ்ந்துகொண்டால், எஞ்சின் கொதிக்கும்போதும் கணினிக்குக் குளிர்ச்சி என்றே செய்தி போகும். அது காலைநேர வேகத்தையே நாள் முழுவதும் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சென்சாரின் பிளக் கழன்றிருந்தால், ஸ்கேனரில் பல கார்கள் பூஜ்ஜியத்திற்குக் கீழே 40 டிகிரி என்று காட்டும். திருநெல்வேலியில் அப்படியொரு குளிரை எவரும் கண்டதில்லை.

த்ராட்டில் பாடியைக் கழுவுவதையும் பேட்டரியைக் கழற்றுவதையும் சேர்த்தே விளக்க வேண்டும், ஏனெனில் இங்கேதான் நான் சறுக்கினேன். ஆண்டுக்கணக்கில் தகட்டின் விளிம்பில் கரி படிகிறது. காற்று வரும் சந்து குறுகக் குறுக, அதற்கு ஈடாகப் பக்கவழியை இவ்வளவு திறக்க வேண்டும் என்று கணினி சிறிது சிறிதாகக் கற்று மனத்தில் வைத்துக்கொள்கிறது. ஒருநாள் கரியைக் கழுவிவிட்டால் சந்து அகன்றுவிடுகிறது. கணினியோ பழைய கணக்கிலேயே திறந்து வைக்கிறது. பேட்டரியைக் கழற்றியதால் அந்தக் கணக்கே அழிந்துபோயிருந்தாலும், புதுக்கணக்கை அது தொடக்கத்திலிருந்து கற்க வேண்டும். அதற்காகத்தான் எஞ்சினைச் சூடேற்றி, ஏசியும் விளக்கும் இல்லாமல், காலால் தொடாமல், சிலநேரம் அமைதியாக ஓடவிடச் சொல்கிறார்கள். முறை காருக்குக் கார் வேறுபடும். சிலவற்றில் சாவியைக் குறிப்பிட்ட விதமாகப் போட்டு அணைக்க வேண்டும், சிலவற்றில் ஸ்கேனரால் மட்டுமே முடியும். காரோடு வரும் புத்தகத்தையோ அந்தக் கார் தெரிந்தவரையோ கேட்பதே நல்லது. அந்தப் பையன் கேட்ட பத்து நிமிடம் இதற்காகவே. நான் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை பெரியவர் ஒரு டார்ச்சும், தண்ணீர் தெளிக்கும் சிறு பாட்டிலும் கொண்டுவந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கக் காதைக் கொடுத்துக் கேட்டார். பின்பு ஒவ்வொரு ரப்பர் குழாயின் மேலும் சிறிது தண்ணீர் தெளித்தார். விரிசலில் தண்ணீர் பட்டால் அது ஒரு நொடி அடைபடும், எஞ்சினின் சத்தம் மாறும். சில பட்டறைகளில் இதற்குக் கார்ப் கிளீனரைத் தெளிப்பார்கள். சூடேறிய எக்சாஸ்ட் குழாய்க்கு மேல் எரியக்கூடிய திரவத்தைத் தெளிப்பது எனக்குச் சம்மதமில்லை. வீட்டில் எவரும் அதைச் செய்யாதிருங்கள். புகையைச் செலுத்திப் பார்க்கும் கருவி உள்ள பட்டறை கிடைத்தால் அதுவே உத்தமம். சுற்றிக்கொண்டிருக்கும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பு ஒன்றும் தொங்கலாகாது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன்.

த்ராட்டில் பாடியின் அடியில், எஞ்சினின் மேல்மூடியிலிருந்து வரும் ஒரு குழாய் முழங்கை போல வளைகிறது. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மறுபடியும் இழுத்து எரிக்க ஏற்பட்ட வழி அது. பெரியவர் அதன் அடியில் விரலை வைத்து அழுத்தினார். எஞ்சின் சட்டென்று தணிந்து, அணைந்தேபோயிற்று. திருகாணியை இறக்கி வைத்திருந்தார்களல்லவா. திருட்டுக் காற்று நின்றவுடன் எஞ்சினுக்கு மூச்சே இல்லை. குழாயைக் கழற்றிக் கையில் கொடுத்தார். மேலே பார்த்தால் பழுதில்லாத குழாய். புரட்டினால், வளைவின் அடிப்புறத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்கு விரிசல்.

புதிய குழாயின் விலை முந்நூறு ரூபாய்க்குள்தான். அதைப் போட்டபின், திருகாணியில் பாதியும் பாடியில் பாதியுமாகப் பிளந்து நின்ற பெயிண்ட் பொட்டு ஒன்றோடொன்று சேரும்வரை திருகி, அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். அந்தத் திருகாணியைக் குறித்துச் சற்றுக் கண்டிப்பாகவே எழுதுகிறேன். அது ஐட்லிங்கைக் கூட்டிக் குறைக்க ஏற்பட்டதன்று. தகடு முழுவதும் மூடி, சுவரில் கடித்து மாட்டிக்கொள்ளாதபடி தடுக்க, தொழிற்சாலையில் ஒருமுறை அளந்து வைத்து முத்திரையிட்ட தடை அது. அதைத் திருகினால் தகடு மூடியிருக்கும் நிலையைக் காட்டும் சென்சாரின் கணக்கும் பிசகுகிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ரேஸ் திருகாணி என்று ஒன்று இருந்தது, அதைத் திருகுவது நியாயமே. அந்தப் பழக்கம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் குற்றம் பட்டறையாருடையது மட்டுமல்ல. "எப்படியாவது குறைத்துக் கொடுங்கள்" என்று கேட்டவன் நான். காரணத்தைக் கண்டுபிடியுங்கள் என்று நான் கேட்கவேயில்லை. முள் இறங்கினால் போதும் என்றிருந்தேன். அவர்கள் முள்ளை இறக்கிக் கொடுத்தார்கள்.

திருகாணி பழைய இடத்துக்கு வந்தபின் முள் 1050-ல் நின்றது. எஞ்சினைச் சூடேற்றி, ரேடியேட்டர் விசிறி இருமுறை ஓடி நிற்கும் வரைக்கும் காத்திருந்து, எல்லாவற்றையும் அணைத்து வைத்து, அன்று அந்தப் பையன் கேட்ட பத்து நிமிடத்தைக் கொடுத்தோம். 800. பின்பு ஏசியைப் போட்டோம். சிறிது ஏறி, நிலைத்தது.

ஸ்கேனர் இருந்திருந்தால் இது விரைவில் தெரிந்திருக்காதா என்று உங்களில் விவரமறிந்தவர்கள் கேட்கலாம். உதவியிருக்கும். ஐட்லிங் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பதற்கு பி 0507 என்றும், காற்று மிகுந்து பெட்ரோல் பற்றவில்லை என்பதற்கு பி 0171 என்றும் குறியீடுகள் உண்டு. ஆனால் முதலாவது குறியீடு நோயின் பெயரன்று; காய்ச்சல் என்று சொல்வதைப் போன்றது. அதைப் பார்த்தவுடன் மோட்டாரை மாற்றுகிற பட்டறைகள் உண்டு. ஸ்கேனரில் எனக்குப் பயன்படுவதாகத் தோன்றுவது அதன் நேரடி எண்கள்: எஞ்சின் வெப்பம் 80 டிகிரியைத் தாண்டியிருக்கிறதா, கால் எடுத்தபோது தகடு மூடியதாகக் காட்டுகிறதா, கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறதா. காற்றை வழியிலேயே அளக்கும் கார்களில், ஐட்லிங்கில் அந்தக் கூட்டல் மிகுதியாகவும் 2500 சுற்றில் ஏறக்குறைய சரியாகவும் இருந்தால், ஏர் இழுக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். ஏனெனில் வேகம் கூடும்போது மொத்தக் காற்றில் விரிசலின் பங்கு சிறுத்துவிடுகிறது.

குழாய்களில் ஒன்றைத் தனியே குறிப்பிட வேண்டும். அந்த அறையிலிருந்து தடித்த குழாய் ஒன்று பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. பிரேக்கை நாம் இலேசாக மிதித்தாலே பிடிக்கச் செய்வது அந்த உறிஞ்சல்தான். ரேஸ் கூடியிருப்பதோடு பிரேக்கும் கடினமாகத் தோன்றினால், பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகாதிருங்கள். அங்கிருந்து ஆளை அழையுங்கள். வீட்டிலேயே பார்க்க எளிய வழி உண்டு. எஞ்சினை அணைத்து, பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள், பெடல் விறைக்கும். அழுத்தியபடியே எஞ்சினை இயக்குங்கள். பெடல் காலுக்குக் கீழே சற்று இறங்க வேண்டும். இறங்காவிடில் பூஸ்டரையோ அதன் குழாயையோ பார்க்க வேண்டும். கேபிள் இல்லாத புதிய கார்களில் மற்றொரு எச்சரிக்கை: சாவி போட்டிருக்கையில் த்ராட்டில் தகட்டை விரலால் தள்ளாதிருங்கள். மோட்டார் திடீரென மூடினால் விரல் நசுங்கும்.

இனி அந்தப் பையனின் வழக்குக்கு வருகிறேன். சர்வீசுக்கு முந்தின நாள் விரிசல் இல்லை, மறுநாள் இருந்தது. ஆகையால் அவன் கையில்தான் அது விண்டது. இதை மறைக்க வேண்டியதில்லை. த்ராட்டில் பாடியைக் கழற்ற வேண்டுமானால் அந்த முழங்கைக் குழாயை வளைத்தே ஆக வேண்டும். ஆனால் எஞ்சினின் சூட்டிலும் ஆயில் ஆவியிலும் 12 ஆண்டுகள் வெந்த ரப்பர் அது. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை, பனையோலை போல முறுகியிருந்தது. எவர் கை பட்டிருந்தாலும் விண்டிருக்கும். எவர் கையும் படாதிருந்தால் சில மாதங்கள் கழித்துத் தானே விண்டிருக்கும், அதுவும் ஏதேனும் நெடுவழியில். கடைசியாகத் தொட்ட கையிலிருந்து தேடலைத் தொடங்குவது முறை. நான் தீர்ப்பையும் அங்கேயே எழுதிவிட்டேன். ஏர் ஃபில்டரும் ஆயிலும் தவறாமல் மாற்றினேனே தவிர, இந்த ரப்பர்களைப் பார்க்கும்படி ஒருமுறையும் எவரிடமும் சொன்னதில்லை.

மெக்கானிக்குகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம் சபையிலும் அத்தொழிலில் இருப்போர் சிலர் உண்டு. 'ஜெனரல் சர்வீஸ்' என்று எழுதாதீர்கள். எதைக் கழற்றினீர்கள், எதை மாட்டினீர்கள், எது பழையதாக இருந்தது என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். அந்தத் தாள் உங்களையே காப்பாற்றும். எங்களைப் போன்ற வாடிக்கையாளருக்கு நான் சொல்வது: வண்டியை விடும்போது ஐட்லிங் எவ்வளவு என்று முள்ளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், எடுக்கும்போது அங்கேயே மறுபடியும் பாருங்கள். சரியில்லையென்றால் முதலில் அதே ஆளிடம் திரும்பிப் போங்கள். எதையெல்லாம் தொட்டான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை அவனிடம் போனேன். விண்ட குழாயைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "ஐயா, வளைக்கும்போதே லேசா ஒரு சத்தம் கேட்டுச்சு. மேலே பாத்தேன், ஒண்ணும் தெரியல. அடியில பாக்காம விட்டுட்டேன்" என்றான். அவன் அதைச் சொல்லியிருக்க வேண்டியதேயில்லை. வாசலில் நான் பேசியதை அவனிடம் சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அடுத்த சர்வீசில் மற்றக் குழாய்களையும் மாற்றிவிடலாமா என்று மட்டும் கேட்டான், சரி என்றேன்.

என் பேச்சைக் கேட்டு விலகிய அந்த இருவரையும் வீட்டுக்குப் போய்ச் சந்தித்தேன். ஒருவர் வேறிடத்தில் சர்வீஸ் முடித்துவிட்டார்; அந்த வேலை அவனுக்குப் போனது போனதுதான். மற்றவர் வருகிற செவ்வாய்க்கிழமை அவனிடம் விடுகிறார். ஏர் ஃபில்டரோடு ரப்பர் குழாய்களையும் அடிப்புறம் புரட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம்.